தம்பியின் மரணமும் மகளின் கொழும்புப் பயணமும்: டெங்கு பரம்பரையாகக் கடுமையாகுமா?

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விபரங்களைத் தவிர்த்து, அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

2017 ஜூலையில், கொழும்பில் கடையொன்றில் வேலைசெய்த அவருடைய தம்பி, 26 வயது, காய்ச்சலோடு இரவு பஸ்ஸில் ஊருக்கு வந்தார். அதற்கு முன் மூன்று நாட்களாகக் காய்ச்சல். உடம்பு வலிக்குப் பாமசியில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டிருந்தார். வந்து சேர்ந்த காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. “விட்டிருச்சு, தூங்கட்டும்” என்று வீட்டார் விட்டுவிட்டார்கள். இரவு வயிற்றுவலி, தொடர் வாந்தி. விடியும்போது கை கால் சில்லிட்டிருந்தது. ஒரு வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து இன்னொன்றுக்கு மாற்றி, மறுநாள் இறந்துபோனார். நோய் நிர்ணய அட்டையில் டெங்கு அதிர்ச்சி நிலை என்று எழுதியிருக்கிறது. 2023இல் வத்தளையில் வசிக்கும் அக்காவின் 9 வயது மகளுக்கு டெங்கு வந்து, இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து பிழைத்தாள்.

இப்போது வாசகியின் 20 வயது மகளுக்குக் கொழும்பில் பல்கலைக்கழக அனுமதி கிடைத்திருக்கிறது. அவளுக்கும் 12 வயதில் கம்பளையில் உறவினர் வீட்டில் நின்றபோது காய்ச்சல் வந்து, டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 குருதிப் பரிசோதனையில் பொசிட்டிவ் என்று அறிக்கை வந்து, ஒரு வாரத்தில் வீட்டோடு சுகமானாள். “உங்க வம்சத்து ரத்தம் டெங்கைத் தாங்காது, பிள்ளையை அனுப்பாதே” என்கிறார் மாமியார். கேள்விகள் நான்கு: இது பரம்பரை நோயா? எச்சிலை அனுப்பிப் பரம்பரையலகை (ஜீனை) பார்க்கும் பரிசோதனைக்கு வெளிநாட்டு உறவினர் செலவு செய்யத் தயார், செய்யலாமா? மகளுக்கு ஒருமுறை வந்து போய்விட்டதால் இனிப் பயமில்லைதானே? பின்னாளில் அண்ணன் மகனுக்குக் கட்டிக்கொடுப்பதாகப் பேச்சு இருக்கிறது, ஒரே ரத்தம் சேர்ந்தால் பிள்ளைகளுக்கு ஆபத்து கூடுமா?

சகோதரி, உங்கள் மாமியார் சொல்வதில் நூலளவு உண்மை இருக்கிறது. அதை அவர் கயிறாகத் திரித்துவிட்டார்.

அந்த நூல் எது என்று பார்ப்பதற்கு முன், உங்கள் கடிதத்திலேயே கிடக்கும் ஒரு விபரத்தைக் கவனியுங்கள். உங்கள் பிறந்த வீட்டில் டெங்கு கடுமையான இருவரும் எங்கே இருந்தார்கள்? தம்பி கொழும்பில், அக்கா மகள் வத்தளையில். இரண்டும் நாட்டிலேயே டெங்கு அதிகம் பதிவாகும் மேல் மாகாணத்தில் இருக்கின்றன. கணவர் வீட்டாரோ மூன்று தலைமுறையாகத் தோட்டத்தை விட்டு நகரவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். டெங்கு நுளம்பின் உடலுக்குள் வைரஸ் பெருகி உமிழ்நீருக்கு வந்துசேரச் சாதாரணமாக 8 முதல் 12 நாட்கள் எடுக்கும். குளிர் கூடக்கூட இந்த நாட்கள் நீளும். அதற்குள் பெரும்பாலான நுளம்புகளின் ஆயுள் முடிந்துவிடும். உங்கள் மேட்டில் டெங்கு குறைவாக இருப்பதற்குக் காரணம் இந்தக் குளிர், யாருடைய வம்சமும் இல்லை. கடலுக்கே போகாதவர், எங்கள் வம்சத்தில் யாரும் கடலில் மூழ்கியதில்லை என்று சொல்வதைப் போலத்தான் மாமியாரின் ஒப்பீடு இருக்கிறது. தம்பி இறந்த 2017இல் இலங்கையில் பதிவான டெங்கு நோயாளர் 186,101 பேர், இறந்தவர்கள் 400க்கும் மேல். அத்தனை பேரும் ஒரே வம்சம் இல்லை.

பரம்பரையலகின் பங்கு எவ்வளவு?

பங்கு உண்டு. கியூபாவில் 1981இல் வந்த பெரும் டெங்கு அலையில் ஆபிரிக்க வம்சாவளியினருக்கு நோய் கடுமையானது குறைவாக இருந்தது. அந்தக் கவனிப்பு இந்தத் தேடலுக்கு ஒரு முக்கிய காரணம். 2011இல் வியட்நாமில் டெங்கு அதிர்ச்சிக்குள்ளான 2,008 பிள்ளைகளின் பரம்பரையலகுகளை மற்றவர்களுடையதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டு இடங்கள் தனித்துத் தெரிந்தன. 6ஆம் நிறமூர்த்தத்திலுள்ள எம்.ஐ.சி.பி. என்ற பரம்பரையலகு ஒன்று. வைரஸ் புகுந்த கலம் “என்னைக் கொன்றுவிடு” என்று கொடியேற்றிக் காட்டுகிற புரதத்துக்கு உரியது அது. அந்தக் கொடியைப் பார்த்துத்தான் இயற்கைக் கொல்லிக் கலங்கள் வருகின்றன. 10ஆம் நிறமூர்த்தத்திலுள்ள பி.எல்.சி.ஈ.1 மற்றையது. இதில் வரும் வேறு சில பழுதுகள் சிறுபிள்ளைகளுக்குச் சிறுநீரகத்தில் புரதக் கசிவை உண்டாக்கும் என்பது ஏற்கெனவே தெரிந்த விடயம். டெங்கு அதிர்ச்சியும் அடிப்படையில், குருதியின் நீர்ப்பகுதி குழாய்களுக்கு வெளியே கசியும் ஒரு கசிவு நோய்தான் என்பதால் இந்தக் கண்டுபிடிப்பு பலரையும் யோசிக்கவைத்தது. இவை தவிர, வைரஸ் நோய் எதிர்ப்புக்கான நிர்ப்பீடனக் கலத்துக்குள் நுழையும் வாசல் போன்ற சி.டி.209, உடலின் அடையாளக் குறிகளான எச்.எல்.ஏ. வகைகள் என்று இன்னும் பல ஆராயப்பட்டிருக்கின்றன. எச்.எல்.ஏ. குறித்து இலங்கை நோயாளர்களிடமும் ஆய்வு நடந்திருக்கிறது.

ஆனால் அளவைப் பாருங்கள். எம்.ஐ.சி.பி. மாற்றம் ஆபத்தைக் கூட்டுவது சுமார் 1.34 மடங்கு. விளங்குவதற்காக, டெங்கு தொற்றிய 1,000 பேரில் 10 பேர் அதிர்ச்சி நிலைக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். இந்த மாற்றம் உள்ள 1,000 பேரில் அது 13 ஆகும். மீதி 987 பேர் அதிர்ச்சி நிலைக்குப் போகமாட்டார்கள். மாற்றம் இல்லாதவர்களிலும் 10 பேர் போகத்தான் போகிறார்கள். தலசீமியா மாதிரி, ஒரே பரம்பரையலகு பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதாக வந்தால் நோய் நிச்சயம் என்ற கதை இங்கே இல்லை. சின்னச் சின்னதாகப் பல சேர்ந்து தராசுத் தட்டைக் கொஞ்சம் அசைக்கின்றன, அவ்வளவுதான்.

அதனால்தான் எச்சில் பரிசோதனை வேண்டாம் என்கிறேன். டெங்குக் கடுமையை முன்கூட்டிச் சொல்லும் பரம்பரையலகுப் பரிசோதனை எந்த நாட்டுச் சிகிச்சை வழிகாட்டியிலும் வழமையாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. அறிக்கையில் “ஆபத்து அதிகம்” என்று வந்தாலும் வார்டில் வைத்தியர் பார்க்கப்போவது மகளின் குருதி அறிக்கை, சிறுநீர் அளவு, நாடித்துடிப்பு ஆகியவற்றைத்தான். “ஆபத்து குறைவு” என்று வந்தால்தான் எனக்கு அதிகப் பயம். அந்தத் தாளை நம்பிக் காய்ச்சலின் ஐந்தாம் நாள் ஒருவர் வீட்டிலேயே படுத்திருந்துவிடக் கூடும். உறவினர் தரும் காசுக்கு வேறு நல்ல பயன் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

ஒருமுறை வந்து போனது கவசமா?

உங்கள் நான்கு கேள்விகளில் நான் அதிகம் கவனிப்பது இதைத்தான். நீங்கள் இதை ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். நான் இதை எச்சரிக்கையாக வாசிக்கிறேன்.

டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உள்ளன. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு எதிராக ஆயுள்கால நிர்ப்பீடனம் கிடைக்கும். மற்ற மூன்றுக்கும் கிடைப்பது சில மாதங்களில் தேய்ந்துபோகும் தற்காலிகப் பாதுகாப்பு மட்டுமே. அதன் பிறகு வேறு வகை தொற்றினால், முதல் தொற்றில் உருவான பிறபொருளெதிரிகள் (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதங்கள்) புதிய வைரஸில் ஒட்டிக்கொள்ளும், ஆனால் அதைச் செயலிழக்கச் செய்யாது. இப்படி ஒட்டியிருப்பதை நிர்ப்பீடனக் கலங்கள் வழக்கம்போல் உள்ளே இழுத்துக்கொள்ள, வைரஸும் கூடவே நுழைந்து பெருகுகிறது. பழைய காவல்காரனே புதுத் திருடனைத் தோளில் கைபோட்டு வீட்டுக்குள் அழைத்துவருவது மாதிரி.

கியூபாவில் 1977இல் முதலாம் வகை பரவியது. 1981இல் இரண்டாம் வகை வந்தபோது பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய் கடுமையானது. அப்படிக் கடுமையானவர்களில் பெரும்பாலானோர் முதல் அலையில் தொற்றுக்குள்ளானவர்கள். அங்கே சந்தியாகோ நகரில் 1997இல் மறுபடி இரண்டாம் வகை வந்தபோதும் அதே கதைதான், இருபது வருட இடைவெளிக்குப் பிறகும். ஆகவே “எட்டு வருடம் ஆகிவிட்டதே” என்பதும் கவசமில்லை. நிக்கரகுவாப் பிள்ளைகளை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து 2017இல் வெளியான ஆய்வில், பிறபொருளெதிரி ஒரு குறிப்பிட்ட நடுத்தர அளவில் இருந்தவர்களுக்கு, அறவே இல்லாதவர்களை விட, கடும் டெங்கு ஆபத்து ஏழு மடங்குக்கு மேல் இருந்தது. அளவு மிக உயர்வாக இருந்தவர்கள் பாதுகாப்பாக இருந்தார்கள். மேலே சொன்ன 1.34ஐ இந்த ஏழுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாமியார் தேடும் ஆபத்து பரம்பரையில் இல்லை. கம்பளையில் எடுத்த அந்தப் பழைய என்.எஸ்.1 அறிக்கையில்தான் அது இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு மகளைப் பூட்டிவைக்காதீர்கள். இரண்டாம் தொற்று வந்தவர்களிலும் பெரும்பாலானோருக்கு அது சாதாரணக் காய்ச்சலாகவே முடிகிறது. நேரத்துக்குச் சிகிச்சை கிடைத்தால் கடுமையானவர்களிலும் இறப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. அந்த என்.எஸ்.1 அறிக்கை டெங்கு என்று மட்டும்தான் சொல்லும், எந்த வகை என்று சொல்லாது. இப்போது தோண்டிப் பார்த்தும் பயனில்லை. தேவையானது ஒன்றுதான்: அவளுக்கு இனிக் காய்ச்சல் வந்தால், பார்க்கும் முதல் வைத்தியரிடமே “எனக்கு 2017இல் டெங்கு வந்தது, என் மாமா டெங்கில் இறந்தார்” என்ற இரண்டு வாக்கியத்தையும் சொல்ல வேண்டும்.

தடுப்பூசி பற்றியும் ஒரு வார்த்தை. டெங்குத் தடுப்பூசிகள் உலகில் இருக்கின்றன. இலங்கையின் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை. அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

தம்பிக்கு என்ன நடந்தது

“நான்தான் தூங்க விட்டேன்” என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். வேறு எந்தக் காய்ச்சலாக இருந்தாலும் நீங்கள் செய்தது சரியான காரியம். டெங்கு மட்டும்தான் இந்த விடயத்தில் தலைகீழ்.

டெங்கில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை, காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது. பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், 24 முதல் 48 மணி நேரம், குருதிக் குழாய்களின் உட்சுவர் தளர்ந்து குருதியின் நீர்ப்பகுதி நெஞ்சறைக்குள்ளும் வயிற்றறைக்குள்ளும் கசிகிறது. வெளியே ஒரு சொட்டுக் குருதி தெரியாது. உள்ளே குருதி கெட்டியாகி, சுற்றோட்டத்துக்குப் போதாமல் போகிறது. ஆள் தெளிவாகப் பேசிக்கொண்டே இருப்பார். பிரஷர் 100/80 என்று சொல்வார்கள், கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடையே 20தான் என்றால் அது அதிர்ச்சி நிலை. அசாதாரணத் தூக்கமும் சோர்வும் எச்சரிக்கை அறிகுறிகள். அவற்றை ஓய்வு என்று நினைப்பது படித்த குடும்பங்களிலும் நடக்கிறது.

பாமசியில் வாங்கிய வலி மாத்திரைக்கும் பங்கு இருந்திருக்கலாம். டைக்ளோபினாக், இபுபுரூபன், மெபனமிக் அசிட், அஸ்பிரின் வகைகள் இரைப்பைக் குருதிக்கசிவை உண்டாக்கலாம், குருதி உறைய உதவும் குருதிச் சிறுதட்டுக்களின் வேலையையும் கெடுக்கும். காய்ச்சலைச் சட்டென்று இறக்கி, ஆபத்தான கட்டம் எப்போது தொடங்கியது என்ற கணக்கையும் குழப்பிவிடும்.

நான் அதிகம் அழுத்திச் சொல்ல விரும்புவது பஸ் பயணத்தைப் பற்றி. மலையகத்திலிருந்து கொழும்புக்குப் போன பிள்ளைகளுக்குச் சுகமில்லை என்றால் முதலில் வருவது வீட்டு நினைப்பு. போர்டிங் அறையில் கஞ்சி வைத்துத் தர ஆளில்லை, வைத்தியசாலையில் சிங்களத்தில் பேச வேண்டிவருமோ என்ற தயக்கம், வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் இல்லை. நியாயமான காரணங்கள்தான். இரண்டு மூன்று நாள் சமாளித்துப் பார்த்துவிட்டு, முடியாத நிலையில் பஸ் ஏறுகிறார்கள். அந்த நாலாம் நாள் இரவு பஸ்ஸிலேயே கழிகிறது. ஐந்தாறு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல், வழியில் சிறுநீர் கழிக்க வேண்டுமே என்று வேண்டுமென்றே குடிக்காமல், வருகிறார்கள். எந்த 24 மணி நேரத்தில் வைத்தியசாலைக் கட்டிலில் இருக்க வேண்டுமோ, அந்த நேரம் அவிசாவளைக்கும் ஹட்டனுக்கும் இடையே போய்விடுகிறது. உங்கள் குடும்பத்தில் அடுத்தவருக்கு நடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியது இதுதான்.

மகள் புறப்படும் முன்

சுகமாக இருக்கும்போதே ஒரு எஃப்.பி.சி., அதாவது முழுக் குருதிக் கலப் பரிசோதனை, செய்து அறிக்கையைப் படம் பிடித்து அவளது போனிலும் உங்கள் போனிலும் வையுங்கள். உறவினர் காசில் ஒரு சிறு பங்கு போதும். காரணம் இது: கசிவைக் கண்டுபிடிக்க வைத்தியர்கள் பார்ப்பது பி.சி.வி. என்ற எண்ணை, அதாவது குருதியில் செங்குழியங்கள் பிடித்திருக்கும் வீதத்தை. அது அவரவர் வழமையான அளவிலிருந்து 20 வீதம் உயர்ந்தால் கசிவு நடக்கிறது என்று அர்த்தம். வழமை 36 உள்ளவருக்கு 43 என்பது உயர்வு. தோட்டப் பகுதிப் பெண்களிடம் இரும்புச்சத்துக் குறைவு சாதாரணம். மகளின் வழமை 31 ஆக இருந்தால் 37க்கு வரும்போதே கிட்டத்தட்ட 20 வீதம் கூடிவிட்டது. ஆனால் அவளை முதன்முறை பார்க்கும் வைத்தியருக்கு 37 ஒரு நல்ல எண்ணாகவே தெரியும். பழைய அறிக்கையைக் காட்டினால் அந்தத் தவறு நேராது. குருதிச்சோகை இருப்பது தெரிந்தால் இப்போதே சிகிச்சையும் பெறலாம்.

அறைத் தோழிகளில் ஒருத்தியிடமும் விடுதிப் பொறுப்பாளரிடமும் அவளது விபரத்தைச் சொல்லிவையுங்கள். பல்கலைக்கழகச் சுகாதார நிலையம் எங்கே, அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலை எது என்பதை முதல் வாரத்திலேயே போய்ப் பார்த்துக்கொள்ளட்டும். கொழும்பு தேசிய வைத்தியசாலை இருக்கிறது. அங்கொடையில், மக்கள் ஐ.டி.எச். என்று சொல்லும் தேசிய தொற்றுநோய் நிறுவகம் இருக்கிறது. சிகிச்சை இலவசம். 1990 சுவசெரிய அம்பியூலன்ஸும் இலவசம்.

காய்ச்சல் வந்தால், நாள் கணக்கு

காய்ச்சல் தொடங்கிய நாளை முதலாம் நாள் என்று எண்ண வேண்டும். திகதியையும் நேரத்தையும் போனில் எழுதிவைக்கட்டும். வார்டில் முதலில் கேட்கப்படுவது அதுதான்.

முதல் இரண்டு நாள்: ஓய்வு, பரசிற்றமோல், நீராகாரம். கடிதத்தில் மகள் 45 கிலோ என்றிருக்கிறது. ஒரு தடவைக்கு 500 மி.கி. மாத்திரை ஒன்று போதும், ஆறு மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளியில். காய்ச்சல் முழுக்க இறங்கவில்லையே என்று கூட்டிப் போடக் கூடாது, ஈரல் ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கும். நீராகாரம் ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 50 மி.லீ., அவளுக்கு 2,250 மி.லீ. அளவு, அதாவது 200 மி.லீ. கிளாஸில் பதினொன்று. 50 கிலோவுக்கு மேற்பட்ட பெரியவருக்கு 2,500 மி.லீ. வெறும் தண்ணீர் மட்டும் வேண்டாம். ஜீவனி (வாய்வழி உப்புக் கரைசல்), தம்பிலி, கஞ்சி, பழச்சாறு என்று மாற்றி மாற்றிக் குடிக்கலாம். பீட்ரூட், கோலா, சொக்லட் பானம் போன்ற சிவப்பும் கபிலமுமான எதுவும் கூடாது. வாந்தி எடுத்தால் அது குருதியா பானமா என்று வைத்தியருக்குத் தெரியாமல் போகும். என்.எஸ்.1 பார்ப்பதானால் இந்த நாட்களில்தான் பார்க்க வேண்டும். நெகட்டிவ் வந்தாலும் டெங்கு இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். இரண்டாம் தொற்றில் அது சீக்கிரமே நெகட்டிவ் ஆகிவிடுவதுண்டு, அவளது விடயத்தில் இது முக்கியம்.

மூன்றாம் நாள் காலை: எஃப்.பி.சி. கட்டாயம். பிறகு வைத்தியர் சொல்கிறபடி தினமும். சிறுதட்டு 100,000க்குக் கீழே இறங்கினால் அனுமதிக்க வேண்டும். எண் இறங்காவிட்டாலும், தொடர் வாந்தி, வயிற்றுவலி, முரசிலோ மூக்கிலோ குருதி, மாதவிடாய் வழமைக்கு மாறாகக் கூடுதல் அல்லது நேரம் தவறிய குருதிப்போக்கு, தலைசுற்று, கை கால் குளிர்தல், ஆறு மணி நேரம் சிறுநீர் போகாமை ஆகிய எதுவானாலும் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். காய்ச்சல் விட்ட பிறகு உற்சாகமாக எழுந்து பசி எடுத்தால் சுகமாகிறாள். காய்ச்சல் விட்டும் சுருண்டு படுத்தால் அது வைத்தியசாலைக்குப் போக வேண்டிய நேரம்.

இரண்டாம் நாளுக்குப் பிறகு ஊருக்குப் பஸ் ஏறக் கூடாது. நீங்கள் கீழே இறங்கிப் போங்கள், அவள் மேலே வரக் கூடாது. இதை அவளிடம் இப்போதே வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

வார்டில் “ஒரு போத்தல் சேலைன் ஏற்றுங்களேன்” என்று வற்புறுத்த வேண்டாம். கசியும் நேரத்தில் அளவு மிஞ்சி ஏற்றினால் அந்த நீரும் நெஞ்சுக்குள்தான் போகும். கசிவு நின்றதும் எல்லாம் குருதிக் குழாய்க்கே திரும்பிவந்து மூச்சுத்திணறலில் முடியலாம். மணிக்கு எத்தனை மி.லீ. என்று அளந்து கொடுப்பதுதான் டெங்குச் சிகிச்சையே. பப்பாசி இலைச் சாறு சிறுதட்டு எண்ணைச் சற்று உயர்த்தலாம் என்று சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் உயிரை எடுப்பது கசிவு, அதை அந்தச் சாறு நிறுத்துவதாகச் சான்று இல்லை. குடித்து வாந்தி எடுத்தால் நட்டம் வேறு.

அண்ணன் மகனைப் பற்றி

மாமன் மகனைக் கட்டுவதால் பிறக்கும் பிள்ளைகளுக்கு டெங்கு கடுமையாகும் என்பதற்குச் சான்று இல்லை. மேலே சொன்னது போல, இது ஒரே பழுது இரு பக்கமும் சேர்ந்து வரும் நோய் இல்லை. ஆனால் அப்படிச் சேர்ந்து வரும் நோய்கள் வேறு இருக்கின்றன. தலசீமியா அதில் முதன்மையானது. பெற்றோர் இருவருமே காவிகளாக, அதாவது நோயின்றிப் பழுதை மட்டும் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வர நூற்றுக்கு 25 வாய்ப்பு உண்டு. மகளுக்கு எடுக்கும் அதே எஃப்.பி.சி.யில் செங்குழியங்கள் சிறியனவாகத் தெரிந்தால் வைத்தியர் அடுத்த பரிசோதனைக்கு அனுப்புவார். கல்யாணப் பேச்சு முற்றும்போது மாப்பிள்ளைப் பையனும் ஒன்று எடுக்கட்டும். ஒரே ரத்தம் என்று கவலைப்படுவதானால் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான். காவியாக இருப்பது ஒரு நோயும் இல்லை, யாரையும் தள்ளிவைக்கக் காரணமும் இல்லை.

கடைசியாக, உங்கள் லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளைப் பற்றி. “எங்க குளிருக்கு நுளம்பு வராது” என்ற வரிக்கு நான் உடன்படவில்லை. குளிர் ஆபத்தைக் குறைக்கிறது, நீக்கவில்லை. மலையடிவாரத்திலும் தோட்டத்திலும் இருப்பது பெரும்பாலும் வெளியே வாழும் வரிக்கால் நுளம்பு. வெட்டிய மூங்கில் கணு, மரப்பொந்து, வாழை இலையின் அடிக்கவடு, எறிந்த யோகட் கோப்பை என எதில் ஒரு கரண்டி நீர் நின்றாலும் முட்டையிடும். லயக்கூரைத் தகரம் பறக்காமலிருக்கப் போட்ட பழைய டயரும், தறப்பாள் மடிப்பில் தேங்கும் மழைநீரும் எல்லாரும் மறந்துவிடும் இடங்கள். தண்ணீர்ப் பரலை வாரம் ஒருமுறை வெறுமையாக்கினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தும்புத்தடியால் தேய்க்க வேண்டும். முட்டை சுவரில் ஒட்டிக் காய்ந்தும் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும், தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.

கொழும்பிலிருந்து யாராவது காய்ச்சலோடு வந்தே விட்டால், காய்ச்சல் இருக்கும் நாட்களில் அவரைப் பகலிலும் நுளம்பு வலைக்குள் படுக்கவையுங்கள். இந்த நுளம்பு கடிப்பது பகலில்தான். அவரைக் கடித்த நுளம்பு பக்கத்துக் காம்பிராவுக்கும் (லய வீட்டுக்கும்) போகும். டெங்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய் என்பதால் வைத்தியசாலையிலிருந்து சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குத் தகவல் போய், பி.எச்.ஐ. என்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு தேடி வருவார். அபராதத்துக்குப் பயந்து தோட்ட முகவரியை மாற்றிக் கொடுப்பவர்கள் உண்டு, அதைச் செய்யாதீர்கள். அவர் வராவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஏன் காய்ச்சல் என்று யாரும் தேடமாட்டார்கள்.